மீன் இல்லாமல் காய்ந்த எண்ணெய்

ஐம்பதைத் தாண்டிய ஒருவன், அதுவும் ஊரையெல்லாம் கேலி செய்து பத்திரிகையில் எழுதுகிற ஒருவன், கடையில் வாங்கிய வறுத்த மீனை வீட்டுத் தட்டில் எடுத்து வைத்து, "நானே வறுத்தேன்" என்று பெற்ற மகளிடம் சொன்னான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அவன் நான்தான்.

அதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். மீன் வறுத்த வீட்டில் மீன் வறுத்த வாசம் இருக்க வேண்டுமே என்று, என் மனைவி ரோஸ்லினின் இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊற்றினேன். காய்ந்ததும் மிளகாய்த் தூளையும் மஞ்சள் தூளையும் ஒரு கை அள்ளிப் போட்டேன். தூள் கருகிப் புகை எழுந்தது. நான் இருமினேன். பக்கத்து வீடு இருமியது. வாசலில் படுத்திருந்த தெருநாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

போன ஆனி மாதம் அது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போய் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் கடலூர் முதுநகர் முழுக்க மீன் பேச்சு. துறைமுகத்துப் பக்கம் சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் சங்கரா மீன் வறுத்து, வாழை இலையில் கட்டிக் கொடுப்பார்கள். மேலே நறுக்கிய வெங்காயமும் ஒரு எலுமிச்சைத் துண்டும் வைப்பார்கள். அவற்றை மட்டும் வழியிலேயே தூக்கி எறிந்தேன். தடயம் இருக்கக் கூடாதல்லவா?

அமலி, என் ஒரே மகள், கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருப்பா சட்டி வச்சது?"

"நாந்தான். நானே வறுத்தேன். உக்காரு, சூடா இருக்கு."

அவள் உட்காரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு மற்றவர்களின் முகம் சரியாகப் பிடிபடாது. பத்திரிகையில் ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பது மட்டும் துல்லியமாகப் பிடிபடும்.

முடியாத ஒரு வருடம்

அந்த மீன் எதற்கு என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு மீசை அரும்பி, அது நன்றாக இருக்கிறது என்று நான் நம்பிய காலத்துக்கு.

கடலூரில் இளங்கலை முடித்தேன். சிதம்பரத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான், "ஒரு வருசம் கழிச்சுப் போறேன்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். களைப்பாக இருக்கிறது என்றேன். இளங்கலையில் நான் அப்படி என்ன உழைத்துக் களைத்தேன் என்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருடம் கையில் அகப்பட்ட நாவல்களையெல்லாம் படித்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து, உலகத்துக்கு நான் என்ன தரப்போகிறேன் என்று யோசித்தேன். உலகம் அவசரப்படவில்லை. மறு வருடம் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை வந்தது. கொஞ்ச நாள் பார்ப்போமே என்று சேர்ந்தேன். பிறகு கல்யாணம். பிறகு அமலி. அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

ரோஸ்லின் இதை விட்டுவைப்பாளா? ரயிலில் சிதம்பரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்பாள்: "ஏங்க, உங்க ஒரு வருசம் எப்ப முடியுது?" தனியாக இருக்கும்போது கேட்டால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் என் மேலதிகாரி உட்கார்ந்திருக்கும்போது கேட்பாள்.

மகள் விஷயத்தில் அவள் தெளிவாக இருந்தாள். அமலிக்குக் கணக்கு நன்றாக வரும். எனக்கு எதிரில்தான் சொல்வாள்:

"இவ நேரா போவணும். நடுவுல எறங்கிட்டா அப்பறம் பஸ்ஸு கெடைக்காது. உங்கப்பாவ பாரு, இன்னும் ஸ்டாப்புலயே நிக்கிறாரு."

பொரிக்கக் கூடாத வீடு

போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் கழிந்து ரோஸ்லினுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்தப் பெயர்களை எழுதினால் கை நின்றுவிடுகிறது.

அமலிக்கு அது கடைசிப் பருவம். ஆஸ்பத்திரி பெஞ்சில் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றால் ரோஸ்லின் விரட்டுவாள். "எம் மூஞ்சிய பாக்காத. புக்க பாரு." முதுகலைக்கு விண்ணப்பம் போட்டதும் அந்தக் கட்டிலில் வைத்துத்தான். செல்போனில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானை அம்மாவின் விரலைப் பிடித்து அழுத்த வைத்தாள் அமலி. ரோஸ்லினுக்கு அப்போது விரலில் அவ்வளவுதான் வலு.

ஈஸ்டர் முடிந்து, பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில் ரோஸ்லின் போய்விட்டாள்.

அடக்கம் செய்த மறுநாள் அமலிக்குக் கடைசித் தேர்வு. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. அவளாகவே குளித்துக் கிளம்பி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கொண்டுபோய் விட்டேன். கல்லூரி வாசலில் நான் சொன்ன ஒரே வாக்கியம், "பேனா எடுத்தியா?"

அம்மாவை மண்ணில் வைத்த மறுநாள் ஒரு அப்பன் மகளிடம் கேட்கக்கூடியது அதுதானா என்று பிறகு பலமுறை யோசித்தேன். வேறு எதைக் கேட்டிருக்கலாம் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

எங்கள் மாதாகோவில் பங்கு முழுக்க அதே பேச்சு. "கல்லு மாதிரி நின்னுச்சு அந்தப் பொண்ணு." கோவிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். கல்லைப் பெற்றதற்கு.

இனி சட்டி விஷயம். எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆகியும் கூடவே வந்துவிட்ட வழக்கம். சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தாளிக்கலாம், பொரிக்கக் கூடாது. செத்தவரின் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து, எண்ணெய் கொண்டு வந்து, அவர் கையால் சட்டி வைத்து ஏதாவது ஒன்றைப் பொரித்தெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அது மறுபடியும் மற்ற வீடுகளைப் போல ஒரு வீடு.

பெரும்பாலும் முப்பதாம் நாள் பூசையன்று இது நடந்துவிடும். ரோஸ்லினுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது தம்பி சவரிமுத்து ஒருவன்தான். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். என் மச்சான். முப்பதாம் நாள் வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். கல்லறைக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றினான். எண்ணெய் கொண்டு வரவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம வந்து வச்சிர்றேன் மாமா" என்றான்.

அடுத்த ஞாயிறு ஆலையில் ஓவர்ஹால். அதற்கடுத்த ஞாயிறும் ஓவர்ஹால். கரும்பு வராத காலத்தில் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிரிப்பார்கள் என்று தெரியாது. பொறுப்பில்லாதவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அப்பளத்தை நெருப்பில் வாட்டித் தின்றோம்.

சீட்டு என்ன தயிரா?

மதிப்பெண் வந்தது. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு இடமும் வந்தது. செல்போனை என்னிடம் காட்டிவிட்டு அமலி சொன்னாள்:

"ஒரு வருசம் கழிச்சுப் போறேம்பா."

என் வாக்கியம். பிள்ளைகளுக்கு நம் மூக்கு வரும், நம் முன்கோபம் வரும் என்று தெரியும். வாக்கியமும் வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

"ஏம்மா?"

"சும்மாதான்பா." அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேடை.

ஊருக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. எதிர்வீட்டு பிலோமினா என் காதுபடவே சொன்னாள்: "பாவம், அப்பனுக்கு ஒல வைக்கணும்ல. ஆம்பள தனியா என்னா பண்ணுவாரு?" எனக்கும் அதுதான் காரணமாகத் தெரிந்தது. என் வயிற்றுக்காக ஒரு பெண் படிப்பை நிறுத்துகிறாள். ரோஸ்லின் அங்கே மேலே யாருடைய கல்யாணப் பந்தியிலாவது உட்கார்ந்து என்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ?

இடத்தை ஒரு வருடம் நிறுத்தி வைப்பார்களா என்று நேரில் கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். முதுநகர் ஜங்ஷனில் பாசஞ்சர் பிடித்தோம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் அவள் ஜன்னலோரம், நான் இந்த ஓரம். நடுவில் பையை வைத்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடு இடம் காலியாகவே வந்தது. பரங்கிப்பேட்டையில் ஏறிய ஒருவர், "ஆளு வருதா?" என்று கேட்டார். அமலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வேறு இடம் பார்த்துப் போனார்.

சிதம்பரத்தில், அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்லவர். நான் சுற்றி வளைத்துப் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சார், சீட்டு என்ன தயிரா, ஃப்ரிட்ஜுல எடுத்து வச்சிட்டு அடுத்த வருசம் குடுக்க? வெள்ளிக்கெழமைக்குள்ள சேந்தாவணும். இல்லன்னா வெயிட்டிங்ல இருக்குற புள்ளைக்குப் போயிரும். அடுத்த வருசம் புதுசா அப்ளை பண்ணட்டும். கெடைக்கலாம், கெடைக்காமலும் போவலாம்." பிறகு அமலியைப் பார்த்து, "என்னம்மா, கல்யாணமா?" என்றார்.

"இல்ல மேடம்."

"பின்ன சேந்துர வேண்டியதுதான?"

அமலி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

கீழ வீதியில் ஓர் ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். நான் சொற்பொழிவை ஆரம்பித்தேன். ஆண்கள் சமைக்கிறார்கள், பெரிய ஓட்டல்களில் எல்லாம் ஆண்கள்தான், நான் பார்த்துக்கொள்வேன், நீ போ.

"அதுக்கு இல்லப்பா" என்றாள்.

அந்த "அதுக்கு இல்லப்பா" அன்று என் காதில் ஏறவில்லை. கத்திரிக்காய் கொத்சு நன்றாக இருந்தது. அதை எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் முடிவுக்கு வந்தேன். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று வெள்ளிக்கிழமைக்குள் நிரூபித்துவிட வேண்டும். கற்றுக்கொள்ள நேரம் போதாது. நிரூபிக்க மட்டும்தான் நேரம் இருந்தது. மறுநாள் சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் போனேன்.

வைத்ததா, வைக்காததா?

ஆக, தட்டில் சங்கரா ஆறிக்கொண்டிருந்தது. அமலி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பிலோமினா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, சவரி வந்து சட்டி வச்சிட்டானா? சொல்லவே இல்ல?"

"ம்... இல்ல."

"பின்ன யாரு வச்சது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சட்டியை அடுப்பில் ஏற்றியபோது வழக்கம் என்ற ஒன்று என் நினைவிலேயே இல்லை. அப்பளத்தை வாட்டித் தின்றவன்தான், ஆனால் மறந்துவிட்டேன். என் சாமர்த்தியத்தில் அவ்வளவு மூழ்கியிருந்தேன். அமலி ஏன் "யாருப்பா சட்டி வச்சது?" என்று கேட்டாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பிலோமினா போன் போட்டிருக்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு சவரியின் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"மாமா, சட்டி வச்சிட்டீங்களாமே?"

"மச்சான், உக்காரு மொதல்ல."

"உக்கார வரல. எங்க அக்காவுக்கு நா ஒருத்தன் இருக்கேன்ல? நானும் செத்துட்டனா? ஒரு போனு பண்ணி, 'டேய், இன்னிக்கு வர்றியா, இல்ல நா வச்சிக்கட்டுமா'ன்னு கேக்கக் கூடாதா?"

எனக்கும் கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்கு வருகிற கோபம், அது கொஞ்சம் ஜாஸ்தியாகவே வரும். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வர்றேன் வர்றேன்னியே, வந்தியாடா?"

அவன் வெளியே போனான். பைக்கின் பெட்ரோல் டேங்க் உறையிலிருந்து எதையோ எடுத்து வந்து மேசையில் வைத்தான். எண்ணெய் பாக்கெட். வெயிலும் தூசியும் பட்டு, மேலே அச்சடித்த எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.

"முப்பதாம் நாளு பூசைக்கே கொண்டாந்தேன் மாமா. வண்டியிலதான் இருந்துச்சு. எடுத்தாற முடியல." ஹெல்மெட்டுக்குள் அவன் குரல் வேறு யாருடைய குரல் போலவோ கேட்டது. "வச்சிட்டா அதோட முடிஞ்சிரும்ல? அதான் மில்லுல வேலைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழிகள். மனைவியின் துக்கத்தை மீன் வறுத்து முடித்துவைத்த கல்நெஞ்சக்காரனாக இருக்கலாம். அல்லது மகளிடம் கடை மீனைக் காட்டிப் பொய் சொன்ன கோமாளியாக இருக்கலாம். இரண்டாவது எனக்குப் பழகிய வேடம்.

"மச்சான், அது கடை மீன்."

"என்னாது?"

"தொறமொகத்துல வாங்குனேன். தள்ளுவண்டியில."

"அப்ப வாசம் வந்துச்சுன்னு பிலோமினாக்கா சொன்னுச்சே?"

"எண்ணெய மட்டும் காய வச்சேன். கொஞ்சம் மொளவாத் தூள் போட்டேன்."

"எதுக்கு?"

"வாசத்துக்கு."

சவரி மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். வாசற்படியில் நின்ற பிலோமினா நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினாள்: "அப்ப அது சட்டி வச்சதா, வைக்காததா?"

"பொருளு எதுவும் எண்ணெயில வுழலியேக்கா" என்றான் சவரி.

"எண்ணெ காஞ்சிருச்சில்ல?"

"காஞ்சா? மீனு வுழுந்தாதான கணக்கு."

"மொளவாத் தூளு வுழுந்திருக்கே."

மத்திய காலத்து மடாலயங்களில் இதைவிடச் சின்ன கேள்விகளுக்கு அறிஞர்கள் ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. சவரி சிரித்துவிட்டான். "வாசத்துக்கு... வாசத்துக்காம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தோளைத் தொட்டேன். பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கதவு திறந்தது.

"நீங்க வறுக்கலியாப்பா?"

"இல்லம்மா."

அமலி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு முடிஞ்சிருச்சு போலன்னு நெனச்சிட்டேன்."

சவரி மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமன் ஸ்தானத்தை எடுத்துக்கொண்டான். "த பாரு அமலி, அப்பாவ நா பாத்துக்கறேன். வாரத்துக்கு ரெண்டு நாளு வந்து போறேன். நீ வெள்ளிக்கெழம போயி சேரு. இந்த மனுசன் சோத்துக்காக நீ வீட்டுல கெடக்காத."

"அப்பா சோத்துக்காக யாரு கெடக்குறா? அவுருதான் கடையில வாங்கித் தின்னுக்குவாரே."

"பின்ன?"

அவள் தரையில் விரலால் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடியும் போட்டாள்.

"நா இன்னும் அழுவவே இல்ல மாமா. அம்மா 'எம் மூஞ்சிய பாக்காத, புக்க பாரு'ன்னுச்சு. பாத்தேன். ஆஸ்பத்திரில புக்கதான் பாத்தேன். பொதைச்ச அன்னிக்கும் புக்கு. மறுநாளு பரீட்சை. எல்லாரும் கல்லு கல்லுன்னு சொல்றாங்க. இப்ப போனா அங்கயும் புக்கதான் பாக்கணும். அப்பறம் எப்பதான் நா அம்மாவ பாக்குறது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு இருந்த ஒரே பயம் வெளியே வந்தது. "ஒரு வருசம்னுதாம்மா நானும் சொன்னேன்."

"தெரியும்பா."

"அம்மா நேரா போவணும்னுச்சு."

இதற்கு சவரிதான் பதில் சொன்னான். "அக்கா சொல்லும் மாமா. எங்கிட்டகூட மில்ல வுட்டுட்டு பேங்க் பரீட்சை எழுதுடான்னு பத்து வருசமா சொல்லிச்சு. நா கேட்டனா என்ன?"

முதல் வடை

வெள்ளிக்கிழமை வந்தது. சிதம்பரம் பாசஞ்சர் வழக்கம்போல ஊதிக்கொண்டு போன சத்தம் வீட்டுக்குக் கேட்டது. அமலி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவள் இடம் அன்று மாலைக்குள் யாரோ ஒரு பிள்ளைக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும்.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். அவளை அனுப்ப நான் போட்ட கூத்தில் பாதி, அவள் போய்விடக் கூடாதே என்று எனக்குள் இருந்த கெஞ்சலை அவளிடமிருந்து மறைக்கப் போட்டது. அவளுக்கு அழ ஒரு வருடம் தேவைப்பட்டது. எனக்கு, வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தம் தேவைப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவரி வந்தான். ஆலையில் ஓவர்ஹால் முடிந்துவிட்டதாம். உளுந்து மாவைக் கையோடு அரைத்துக் கொண்டு வந்திருந்தான். நான் கருக்கிய சட்டியைத் தேய்த்துக் கழுவினான். அந்தப் பழைய பாக்கெட்டைப் பல்லால் கிழித்து எண்ணெய் ஊற்றினான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். முதல் வடையைத் தட்டி எண்ணெயில் விட்டான். சொய்ங் என்று சத்தம் எழுந்தது.

ரோஸ்லின் இருந்தவரை மாலை நேரங்களில் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சத்தம். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே கேட்கும். நான் அதை மறந்தே போயிருந்தேன். அமலி மறந்திருக்கவில்லை போலிருக்கிறது. "ம்மா" என்றாள். அவ்வளவுதான். பிறகு அழுதாள். அடக்கத்தன்று அழாததை, அதற்கு முன் ஆஸ்பத்திரி பெஞ்சில் அழாததை எல்லாம் சேர்த்து, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சவரி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். வடையை யாரும் திருப்பிப் போடவில்லை. அது கரிக்கட்டையாகி எண்ணெயில் மிதந்தது.

நட்சத்திரம் கட்டாத வீடு

அந்த வருடம் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அமலி நிறையத் தூங்கினாள். திடீர் திடீரென்று அழுதாள். ரேஷன் வரிசையில் ஒருமுறை, பண்ருட்டி பஸ்ஸில் ஒருமுறை. யாரோ ஓர் அம்மாள் ரோஸ்லின் வைத்திருந்தது போன்ற கைப்பையோடு ஏறினாராம். சாயங்காலம் கல்லறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். நானும் சில நாள் போனேன். நான் போனால் எழுந்துகொண்டாள். பிறகு தனித்தனியாகப் போனோம்.

ஊர் பேசியது. "பொண்ண சமைக்க நிறுத்திக்கிட்டாரு." நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவள் அழுவதை விளக்க வேண்டும். டிசம்பரில் தெரு முழுக்க நட்சத்திரம் தொங்கியது. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. பிலோமினா ஒரு சம்படம் நிறைய முறுக்கு கொண்டு வந்து கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல், "சாப்புடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சமையல் என் கைக்கு வந்தது. ஊர் வாயை அடைக்க என்று தொடங்கினேன், பிறகு வேறு எதற்காகவோ தொடர்ந்தேன். சாம்பார் வந்தது. கொத்சுகூட ஒரு மாதிரி வந்தது. மீன் மட்டும் வரவில்லை. சட்டியில் ஒட்டிப் பிய்ந்து, மீனா பொடிமாஸா என்று தெரியாமல் வரும். சவரி போனில் பாடம் எடுத்தான்: "போட்டுட்டு தொடாதீங்க மாமா. அது தானா வுடும். கை சும்மா இருக்கணும்." எழுதியதை அடித்து அடித்துத் திருத்தியே பழகிய கை எப்படிச் சும்மா இருக்கும்? ஒவ்வொரு தடவையும் பிய்ந்த மீனைப் பார்த்து அமலி சிரிப்பாள். அம்மா போன பிறகு அவள் முதன்முதலாக மனசு விட்டுச் சிரித்தது அப்படிப்பட்ட ஒரு மீனைப் பார்த்துத்தான்.

தவக்காலத்தில் ஒருநாள் கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்திருந்தாள். நான் பார்த்ததும் மூடினாள். மறுநாள் மூடவில்லை.

விண்ணப்பத்தை இந்தத் தடவை அவளே போட்டாள். கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் செல்போனை என் பக்கம் நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே அழுத்திவிட்டாள். உடனே இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் தொங்கி, நான் தினமும் என் பழைய கடற்கரையைக் கனவில் கண்டு, கடைசியில் வந்தது. யாரோ ஒரு பிள்ளை வரவில்லையாம். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்னவோ.

இந்த ஆனியில் கொண்டுபோய் விட்டேன். அன்று காலை சங்கரா வறுத்தேன். மசாலா தடவிப் போட்டுவிட்டு, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தானாக விட்டது. தோல் பிசகாமல், வால் உடையாமல், முழுசாக. வாழை இலையில் கட்டினேன். ரயிலில் நடு இடத்தில் அந்தப் பொட்டலம் இருந்தது.

விடுதி வாசலில் அமலி பையையும் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, "போயிட்டு போன் பண்ணுங்கப்பா" என்றாள். பேனா எடுத்தியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. திரும்பும் ரயிலில் வெள்ளாற்றுப் பாலம் கடகடத்தபோது, "உங்க ஒரு வருசம் எப்ப முடியுது?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இவளுடையது முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

வீட்டைத் திறந்தேன். சட்டி காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. கழுவி வைத்தேன். போன் செய்தேன்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேம்பா. ரூம்ல எல்லாரும் சாப்ட்டோம். மீனு சூப்பரா இருந்துச்சு. ஒண்ணுகூட ஒடையல."

நான் அடக்கமாக மௌனம் காத்தேன். ஒரு வருட உழைப்பு.

"எந்தக் கடைப்பா?" என்றாள்.